ஆட்டுத்தோல் ஒட்டுப்போட்ட முழங்கால் உறை

ஒரூரோ
9 நவம்பர் 1998

நிக்கோலாசாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கொச்சபம்பா வெயிலில் யாருக்கும் ஒரு நோயும் வராது என்று உன் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இது சமாதானம் பேச எழுதும் கடிதம் அல்ல. நீ அங்கே சந்தையில் முழங்கால் உறையும் இடுப்புப் பட்டையும் விற்கிறாய். எனக்கு ஒரு முழங்கால் உறை வேண்டும். வாடிக்கையாளனாக எழுதுகிறேன்.

நேற்று ஆட்டக் குழுவினர் எல்லோரும் கோயிலில் சுரங்க மாதா முன்னால் போய், பிப்ரவரி கார்னிவலில் ஆட வாக்குக் கொடுத்தோம். எனக்கு இது மூன்றாவது வருடம், கடைசி வருடம். மூன்று கார்னிவல் ஆடுவதாக நேர்ந்துகொண்டது உன் வயிற்று ஆபரேஷனுக்காக. நீ மறந்திருக்கலாம், மாதா மறக்கவில்லை. இரண்டு வருடம் என்னோடு ஆடிவிட்டு நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். மிச்சத்தை நான் ஒருவனே முடிப்பேன்.

வலது முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றளவு நாற்பத்தாறு சென்டிமீட்டர். ரயில் பட்டறையில் ஆயுசு முழுக்க இஞ்சினுக்கு அளவெடுத்தவன் நான். யாரிடமும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, நானே பழகியது. அதனால் அளவெடுப்பது எப்படி என்று பாடம் நடத்தாமல் பொருளை அனுப்பு. கம்பி, வார் என்று ஒன்றும் வேண்டாம். சாதாரண உறை போதும்.

கசியானோ


கொச்சபம்பா
17 நவம்பர் 1998

மரியாதைக்குரிய வாடிக்கையாளருக்கு,

பார்சலை ராத்திரி பஸ்ஸில் போட்டிருக்கிறேன். நாற்பத்தாறு என்றால் என்னிடம் இருப்பதிலேயே பெரிய அளவு. ஃபுட்பால் கோல்கீப்பர்கள் வாங்குவது. கோழிக்கால் மாதிரி இருந்த உங்கள் காலுக்கு இது எப்படி என்று யோசித்தேன். பாடம் நடத்தக் கூடாது என்று உத்தரவாகிவிட்டதால் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நேர்ந்துகொண்டது நீங்கள். நான் மயக்க மருந்தில் கிடந்தேன். என் முழங்காலையும் சேர்த்து மாதாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் கண் விழித்ததும் நல்ல செய்தி போலச் சொன்னீர்கள். "உனக்குச் சம்மதமா" என்று ஒரு வார்த்தை? அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆடினேன்.

உருண்டை மிளகாய் கொஞ்சம் வைத்திருக்கிறேன். அது வியாபாரத்தில் சேராது.

நிக்கோலாசா


ஒரூரோ
30 நவம்பர் 1998

நிக்கோலாசாவுக்கு,

மிளகாய் நன்றாக இருந்தது. உறை உருப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில், தபால் ஆபீஸ் தாண்டுவதற்குள் அது நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் பின்னாலேயே வருகிறார்கள். டிரம்பெட் வாசிக்கிற தடியன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கத்துகிறான்: "பெரியவரே, குட்டி போட்டுட்டீங்க போல, கீழ பாருங்க!" தெருவே சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரை ஆடினேன், அது கணுக்காலிலேயே கிடக்க.

உன் கம்பெனியின் அளவுப் பட்டியல் தவறு. வேறு அனுப்பு.

கசியானோ


கொச்சபம்பா
6 டிசம்பர் 1998

கசியானோவுக்கு,

பட்டியல் சரி. ஒரே ஒரு கேள்வி. அளக்கும்போது கம்பளி உள்ளுடையைக் கழற்றினீர்களா?

பதில் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். ஒரு உள்ளுடையா, இரண்டா என்பதுதான் தெரியவில்லை. ஒரூரோ ஆம்பிளைகள் அதைத் தோல் என்றே நினைக்கிறீர்கள். கடையில் எனக்கு இது பழகிவிட்டது. மேட்டு நிலத்திலிருந்து வருகிற ஆள் எவர் வந்தாலும் முதலில் "கழட்டுங்க மாமா, வெறும் காலைக் காட்டுங்க" என்றுதான் சொல்கிறேன். அவர்கள் என்னவோ நான் தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி முழிப்பார்கள்.

வெறும் காலோடு நேராக நில்லுங்கள். மடக்கக் கூடாது, உட்காரக் கூடாது. முழங்கால் சில்லின் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். இறுக்கவும் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. குனிந்தால் அளவு மாறிவிடும், அதனால் வேறொருவர் அளக்கட்டும்.

நிக்கோலாசா


ஒரூரோ
14 டிசம்பர் 1998

நிக்கோலாசாவுக்கு,

ஆட்ட உடுப்பு தைக்கிற செனோபியோவின் கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க, வெறும் காலைக் காட்டிக்கொண்டு நின்றேன். இந்த வயதில் எனக்கு இது தேவைதானா?

முப்பத்தெட்டு. அவனே அளந்தான், டேப்பும் அவனுடையது. இனிமேல் என் மேல் பழி போட முடியாது.

கசியானோ


ஒரூரோ
5 ஜனவரி 1999

நிக்கோலாசாவுக்கு,

இரண்டாவது பார்சலும் வந்தது. உன் பொருளின் யோக்கியதை என்ன என்று சொல்கிறேன், கேள்.

முதலாவது, அதன் நடுவில் ஓட்டை. முழங்கால் சில்லு வருகிற இடத்திலேயே வட்டமாக, தட்டு மாதிரி. எந்த இடத்தில் குளிர் ஏறுமோ அந்த இடத்தையே திறந்து விட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, அவளுக்கே தெரியாமல் பழுதான சரக்கு வந்திருக்கும் என்று நினைத்து, நல்ல ஆட்டுத்தோல் ஒன்றை வெட்டி, ரோமம் உள்பக்கம் வருகிற மாதிரி நானே ஒட்டுப்போட்டேன். தையல் ஒழுங்காகவே வந்திருக்கிறது. உன் கம்பெனிக்காரன் பார்த்தால் வெட்கப்படுவான்.

இரண்டாவது, அது கழுத்தை நெரிக்கிற மாதிரி காலை நெரிக்கிறது. ஒத்திகை முடிந்து கழற்றியபோது முழங்காலுக்குக் கீழே ஊதா மக்காச்சோளக் கஞ்சியின் நிறம். மரத்தும் போய்விட்டது.

அளவு சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. நீ வேண்டுமென்றே செய்கிறாயோ என்று தோன்றுகிறது.

கசியானோ


கொச்சபம்பா
11 ஜனவரி 1999

கசியானோவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுத்தோல் வந்ததும் அவள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது பழுது இல்லை. அந்த ஓட்டை சில்லுக்காக வைத்தது. சில்லு அதற்குள் நிற்கும். நடக்கும்போது பக்கவாட்டில் ஓடாது, மேலே அழுத்தமும் விழாது. அந்த வகையை உங்களுக்கென்று தேடி எடுத்தேன். நீங்கள் அதை அடைத்து, ரோமத்தையும் வைத்து, சில்லின் மேல் மூடி போட்டிருக்கிறீர்கள்!

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று துணி வாங்க இந்த ஊருக்கு வந்த செனோபியோவின் மனைவி என் கடைக்கும் வந்தாள். பேச்சுவாக்கில், "உங்க வீட்டுக்காரர் காலை எங்க ஆள் அளந்தாரே, சின்னப் பையன் கால் மாதிரி இருக்குக்கா" என்றாள். எந்தக் கால் என்று கேட்டேன். "இடதுதான். அவரு அதைத்தான் நீட்டினாரு."

வலிப்பது வலது. நீட்டியது இடது. இது மறதியா, என்ன? வலது காலை அளந்து, இருப்பதை இருப்பது போல எழுதுங்கள். இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

நிக்கோலாசா


ஒரூரோ
16 ஜனவரி 1999

நிக்கோலாசாவுக்கு,

நாற்பத்து மூன்று. வெறும் கால், நேராக நின்று, பக்கத்து வீட்டு அம்மாள் அளந்தாள்.

செனோபியோவின் கடையில் அன்றைக்குக் குழுத் தலைவன் உட்கார்ந்திருந்தான். போன வருடம் நம் குழு எபிஃபானியோவுக்கு என்ன நடந்தது என்று நீயே பார்த்தாய். கால் வீங்கியிருக்கிறது என்று தெரிந்ததும், "நீங்க சிரமப்படாதீங்கண்ணே" என்று சொல்லி, ஊர்வலத்துக்கு முன்னால் போகிற, வெள்ளிப் பாத்திரம் கட்டிய அலங்கார வண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். கையசைத்துக்கொண்டே போனான், பொம்மை மாதிரி. வண்டியில் உட்கார்ந்து போனால் நேர்த்திக்கடன் தீருமா? தீராது. ஆடித்தான் போக வேண்டும், கோயில் வாசலிலிருந்து முழங்காலால் நடந்துதான் மாதாவிடம் சேர வேண்டும்.

அதனால் நல்ல காலை நீட்டினேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதைத்தான் நீட்டுவேன்.

கசியானோ


கொச்சபம்பா
24 ஜனவரி 1999

கசியானோவுக்கு,

ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இவ்வளவு வித்தியாசம் என்றால் அது முரண்டு இல்லை, உள்ளே நீர் கோத்திருக்கிறது. முதலில் டாக்டரிடம் போங்கள். அவர் ஆடக் கூடாது என்றால் ஆடக் கூடாது. நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இத்துடன் வருவது வேறு வகை, முழங்கால் பட்டை. இரண்டு பக்கமும் கீல் வைத்த தகடு, மேலே இரண்டு வார், கீழே இரண்டு வார். வீக்கம் ஏறினால் தளர்த்தலாம், வற்றினால் இறுக்கலாம். இதைப் போட்டுக்கொண்டு ஆடலாம். ஆனால் மண்டியிடக் கூடாது. தகட்டின் முனை சதைக்குள் இறங்கிவிடும். கோயில் வாசலில் கழற்றிவிட்டுத்தான் முழங்காலில் இறங்க வேண்டும்.

தயவுசெய்து இதில் எதையும் தைக்காதீர்கள்.

நிக்கோலாசா


ஒரூரோ
3 பிப்ரவரி 1999

நிக்கோலாசாவுக்கு,

டாக்டர் ஊசி போட்டு நீரை எடுத்தார். ஒரு டம்ளர் இருக்கும். "ஆடணுமா தாத்தா?" என்றார். "நான் உனக்குத் தாத்தா இல்லை, ஆடணும்" என்றேன். "அப்படின்னா பட்டை இல்லாம ஆடாதீங்க, முடிஞ்ச உடனே வந்து காலைக் காட்டுங்க" என்றார்.

பட்டை பிடிக்கிறது. ஒத்திகை முழுக்க நழுவவில்லை, நெரிக்கவும் இல்லை. இதை முதலிலேயே அனுப்பியிருக்கலாம்.

ஆனால் இதிலும் ஒரு குறை இருக்கிறது. வார்கள் எல்லாம் முழங்காலுக்குப் பின்பக்கம் மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆட்ட உடுப்பு பீப்பாய் மாதிரி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டால் என் கை என் தொடையைக்கூடத் தொடாது. வாசலில் நின்று நான் எப்படி இதை அவிழ்ப்பது? குழு ஆட்களிடம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். தெருவில் போகிறவனிடம் காலை நீட்ட என்னால் முடியாது. இதைச் செய்தவன், எல்லோருக்கும் வீட்டில் ஒரு ஆள் இருக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறான். முட்டாள்.

பரவாயில்லை. தகட்டோடே மண்டியிடுவேன். குத்தினால் குத்தட்டும். இதை உன்னிடம் குறையாகத்தான் சொல்கிறேன், வேறு எதுவும் கேட்கவில்லை.

கசியானோ


கொச்சபம்பா
8 பிப்ரவரி 1999

கசியானோவுக்கு,

தகட்டோடு மண்டியிட வேண்டாம்.

சனிக்கிழமை கோயில் வாசலில் வலது பக்கத் தூண் ஓரம் நிற்பேன். பச்சைச் சால்வை. நீங்கள் முகமூடியைக் கழற்றிவிட்டு அங்கே வந்து நில்லுங்கள். உங்கள் பீப்பாய்க்குக் கீழே நான் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், பெண்டாட்டி உடுப்பைச் சரிசெய்கிறாள் என்பார்கள்.

நான் ஆட வரவில்லை. ஆட்டப் பாவாடை கொண்டுவரவில்லை. முழங்காலால் நடக்கவும் மாட்டேன். நீங்கள் மாதாவிடம் போய்ச் சேரும் வரை பக்கத்தில் நடந்து வருவேன், என் காலால். அங்கே போய் என் பேரில் மறுபடி எதையாவது நேர்ந்துகொண்டால், பட்டையை மாட்டிவிட ஆள் இருக்காது. நொண்டிக்கொண்டுதான் வீடு போக வேண்டும்.

கம்பளி உள்ளுடையை அன்றைக்கு வீட்டில் வையுங்கள். பட்டை வெறும் காலில்தான் பிடிக்கும்.

ஆட்டுத்தோல் ஒட்டுப்போட்ட அந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். ஓட்டை உள்ள வகைதான் இரண்டு வருடம் ஆடிய என் இடது முழங்காலுக்குச் சரி, அளவும் முப்பத்தெட்டுதான். கத்தரிக்கோல் கொண்டுவருகிறேன். தையலை நானே பிரித்துக்கொள்கிறேன்.

நிக்கோலாசா