கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு ஊதாச் சேலை

பதினெட்டு வருசத்தில் ஒருநாள்கூட என் வாயை மூடச் சொல்லாத ஒரே மனுசியான என் அண்ணிக்கு,

போன வாரம் உங்கள் முதலாம் வருசத் திவசம் முடிந்தது. உக்குவளையில் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் வடைக்கு ஆள் அனுப்பினார்கள். யார் யார் அழுதார்கள், யார் அழுவது மாதிரி செய்துவிட்டுப் பாயாசம் இரண்டாவது தரம் கேட்டார்கள் என்றெல்லாம் என்னிடம் முழுக் கணக்கும் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போது பின்னேரம் நாலரை மணி. என்னைப் பார்த்துக்கொள்ள வருகிற குசுமா நாலு மணிக்கே போய்விட்டாள். அண்ணன் கோயிலுக்குப் போயிருக்கிறார், விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வந்தும் என்ன? "சாப்பிட்டியா?" என்பார், அவ்வளவுதான். நான் கட்டிலில் இருந்தபடி கண்டி ரயில் போவதைக் கேட்கிறேன். ரயில்கூட என்னைவிடக் குறைவாகத்தான் சத்தம் போடுகிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். சொன்னதில்லை.

நீங்கள் போனபிறகு நடந்ததை முதலில் இருந்தே சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் சோறு போட்டு முடிந்ததும் உங்கள் மகள் சுதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசுகிற குரல்.

"அத்தை, அப்பாவாலே உங்களத் தூக்க ஏலாது. முழங்கால் அப்பிடி. கண்டிப் பக்கம் ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கேன். நல்ல எடம். பூந்தோட்டம்கூட இருக்கு."

"பூந்தோட்டத்துல யாரப் பத்திடி பேசுறது? ரோசாவுக்கும் செவ்வந்திக்கும் தொடர்புன்னா?"

அவள் சிரிக்கவில்லை. நானும் உள்ளுக்குள் சிரிக்கவில்லை அண்ணி. த்ரீவீல் ஆட்டோ பள்ளத்தில் உருண்டு இடுப்புக்குக் கீழே உணர்வு செத்து எனக்கு ஊரே இல்லாமல் போன நாளில் இருந்து, இந்த ஒரு ஜன்னலும் இந்த ஒரு ரோட்டும்தான் எனக்கு மிச்சம். அதையும் விட்டுப் போவதா?

அப்போதுதான் மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். யட்டவத்தப் பக்கத்துக்காரர். ஊன்றுகோலோடு பஸ் ஏறி வருகிறவர். வீட்டில் இருந்தே தன் பராமரிப்பைத் தானே நடத்துகிறவர்களுக்கு உதவுவதுதான் அவர் வேலை. ஆளைத் தேடித் தருவார். எப்படிப் பேசிச் சேர்ப்பது, எழுத்தில் என்ன போடுவது, அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் வேறு யாரை அழைப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார். ஆனால் ஒரு விசயத்தை மட்டும் அவர் செய்யமாட்டார்.

"ஒங்கள எப்பிடிப் பாத்துக்கணும்னு சொல்ல வேண்டியது நீங்கதான்," என்றார். "ஒங்க ஒடம்பு, ஒங்க வீடு. ஒங்க சொல்லுதான் கடைசி." குசுமாவைக் கூட்டிவந்தபோது அவளுக்கும் அதையே சிங்களத்தில் சொன்னார்.

சுதா யோசித்துப் பார்த்து அரைமனசாகச் சம்மதித்தாள். "திவசம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு புண் வந்தாலும் இல்லம்தான். சரியா அத்தை?" சரி என்றேன். எனக்கென்ன, வாய் இருக்கிறதே!

மிஸ் ஒரு வெள்ளைத்தாள் தந்தார். காலையில் இருந்து எனக்கு என்னென்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் எழுத வேண்டும். இந்த ரோட்டில் பாதிப் பேருக்குப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான். 'முதலாவது' என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு நான் எப்படிப் போகிறேன்? பதினெட்டு வருசமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், எப்படி என்று தெரியாது. அண்ணனைக் கேட்டேன்.

"அண்ணி என்னைய எப்பிடிண்ணே தூக்குவாங்க?"

"அவ தூக்குவா," என்றார்.

அதை மட்டும் எழுதி மிஸ்ஸிடம் கொடுத்திருக்கலாம்.

குசுமா நல்லவள். புஜம் இரண்டும் பலாக்காய் மாதிரி. தமிழ் பாதி, சிங்களம் பாதி, சிரிப்பு முழுசு. முதல் நாளே கட்டில் கால்மாட்டில் இருந்த உங்கள் பழைய ஊதாச் சேலைச் சுருட்டைப் பார்த்துவிட்டாள்.

"அக்கே, இது என்னத்துக்கு?"

"அழுக்கு மூட்டை. அலுமாரிக்குள்ள போடுங்க."

"அந்த அம்மா வச்சதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும் நே?"

"குசுமா, யார் சொல்லு கடைசின்னு மிஸ் சொன்னாங்க?"

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லி எடுத்துக்கொண்டு போனாள்.

புது அரசாங்கத்தின் முதல் உத்தரவு அண்ணி! எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தச் சுருட்டுக்காக உங்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன். யாராவது பார்க்க வந்தால், "பொணத்துக்கு அண்டக் குடுத்த மாதிரி இருக்கு, எடுங்க" என்பேன். நீங்கள் "ம்" என்று எடுப்பீர்கள். அவர்கள் படலையைத் தாண்டியதும் மறுபடி வைப்பீர்கள். ஏன் என்று ஒருதரம் சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, நான் சொல்ல விட்டேனா?

மூன்று வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை என் காலைக் கழுவிக்கொண்டிருந்த குசுமா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். பவுடர் டப்பாவின் சின்னக் கண்ணாடியை எடுத்து என் குதிகாலுக்குக் கீழே பிடித்தாள். "அனே அக்கே, பாருங்க."

பதினெட்டு வருசத்துக்குப் பிறகு என் குதிகாலை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து ரூபாய்க் குத்திக்காசு அளவில் கருஞ்சிவப்பாக ஒரு புண்.

"வலிக்கல்லயா?"

"வலிச்சா நான் சும்மா இருப்பேனா? மாத்தளைக்கே கேட்டிருக்குமே."

இரண்டு பேரும் முழித்தோம். பிறகு குசுமாதான் குரலைத் தாழ்த்தினாள். "சுதா நோனாவுக்குச் சொல்ல வேணாம். மேஸ் போட்டுருவம்." மேஸ் என்றால் காலுறை. ஊர்க் கதையெல்லாம் ஊருக்கே சொல்கிற நான், என் கதையை ஒரு சோடி காலுறைக்குள் ஒளித்தேன்.

மிஸ்ஸுக்கு மட்டும் போன் எடுத்தேன். அவர் ஏசவில்லை. முதலில் கிளினிக்குக்குப் போகச் சொன்னார். பிறகு, "முந்தி கால எப்பிடி வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அலட்சியமாகச் சேலைச் சுருட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அது கெண்டைக்காலுக்குக் கீழ இருந்திருக்கும், இல்லையா? குதிகால் மெத்தையில படாம?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது அண்ணி.

"குசுமா என்கிட்ட கேட்டா மிஸ். நான்தான் கடைசிச் சொல்லுன்னு..."

"கடைசிச் சொல்லு ஒங்களோடதுதான். அதுக்கு முன்னுக்கு யார்கிட்டயும் கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லல்லயே."

அன்றைக்கே அலுமாரியில் இருந்த சேலை திரும்பி வந்தது. தாளும் எழுதி முடிந்தது. குசுமா தூக்கத் தூக்க, எது நோகிறது, எது சரி என்று பார்த்துப் பார்த்து எழுதினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், குசுமா இல்லாத நேரத்தில் அண்ணனாவது, என்னைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று மிஸ் எழுதச் சொன்னபோது என் கை நின்றுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். நீங்கள் அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு என் கதை கேட்க வந்து நின்ற நேரமெல்லாம் அதுதானே? நான் வாயைத் திறப்பேன். நீங்கள் "ம்" கொட்டுவீர்கள். கதை முடியும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துப் படுத்திருப்பேன்.

கதை கேட்க வந்தீர்களா அண்ணி, என்னைத் திருப்ப வந்தீர்களா? இந்தக் கேள்வி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு என்னை விடவே இல்லை.

புண் ஆற மாசக்கணக்கானது. திவசத்துக்குச் சுதா வந்தபோது இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் தோல்தான் மிச்சம். அந்த வெக்கையிலும் காலுறை போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி கிடந்தேன். கூட்டம் கலைந்தபிறகு அவள் என் தலையைத் தடவினாள். "புண் ஒண்ணும் வரல்ல தானே அத்தை? அம்மா மாதிரியே பாத்துக்கிறீங்க."

'அம்மா மாதிரியே' என்று மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பொய்யிலேயே தப்பியிருப்பேன்.

"குசுமா, மேஸக் கழட்டுங்க," என்றேன். குசுமா என்னைக் கண்ணால் கெஞ்சினாள். "கழட்டுங்க."

சுதா பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "இத எனக்கு மறைச்சீங்களா?"

"மறைச்சேன். அவ மேல தப்பில்ல, உத்தரவு என்னோடது. இனி என்ன செய்றோம்னு இதுல இருக்கு. வாசி."

தாளை வாங்கிச் சத்தமாக வாசித்தாள். "முதலாவது. ஊதாச் சேலையைச் சுருட்டி இரண்டு கெண்டைக்காலுக்கும் கீழே வைக்க வேண்டும். குதிகால் மெத்தையில் படக்கூடாது. நானே எடுக்கச் சொன்னாலும் எடுக்கக்கூடாது." அதோடு நிறுத்தி என் கால்மாட்டைப் பார்த்தாள்.

"அம்மா சேலையா இது? நான் இதத்தான் ஒரு வருசமா தேடுறேன். ஞாபகத்துக்குக் குடுங்க அத்தை."

"குடுக்க ஏலாதுடி. அது டியூட்டியில இருக்கு."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கே! சேலையை உருவி எடுத்து, முகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, தன் கையாலேயே சுருட்டித் திரும்ப வைத்தாள். இல்லத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் புறப்படும்போதுதான் வாசலில் நின்று, "அடுத்த முறை வரும்போது அந்தக் கண்ணாடியால நானே பாப்பேன், சரியா?" என்றாள். அடுத்த முறை என்றால் இங்கேதான் அண்ணி. இந்த வீட்டில்தான்.

பிறகு படி இறங்கினவள் திரும்பினாள். "அத்தை, அந்த பேக்கரிக்காரர் மக கடைசியில யாரக் கட்டிச்சு?"

"ஒனக்கு எப்பிடித் தெரியும் அது?"

"அம்மா போன்ல எல்லாம் சொல்லுவாங்களே. ஒங்க மாதிரியே குரல மாத்தி மாத்தி. அது மட்டும் முடிவு தெரியாமயே போயிட்டாங்க."

நீங்களா? ஒரு "ம்"முக்குமேல் பேசாத நீங்களா? என் குரலிலேயே?

சுதா போய்விட்டாள். வீடு முன்னைவிடப் பெரிசாக இருக்கிறது. குசுமாவிடம் கதை சொல்லிப் பார்க்கிறேன், அவளுக்கு ஆட்களைத் தெரியாது, தப்பான இடத்தில் சிரிக்கிறாள். மிஸ் கைகளைத் தேடித் தந்தார். உங்கள் "ம்"மைத் தாளில் எந்த இடத்தில் எழுதுவது என்று நான் அவரைக் கேட்கவில்லை.

இனி எனக்கு என்ன வேண்டும் என்பதை என் முகத்தைப் பார்த்து யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன் அண்ணி. வாயைத் திறந்து கேட்பேன். கேட்டுவிட்டு, மற்றவர் சொல்வதைக் கேட்கவும் கொஞ்சம் வாயை மூடுவேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு. கஷ்டம்தான், ஆனாலும் செய்வேன்.

பேக்கரிக்காரர் மகள் அந்த நாவுலப் பையனைத்தான் கட்டினாள். பெற்றவர்கள் முதலில் குதித்தார்கள், பிறகு அவர்களே கேக் செய்து கொடுத்தார்கள். இனிக் கொஞ்சம் சும்மா இருக்கிறேன். நீங்கள் "ம்" சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
பாக்கியம்