சேயோன் என்று கூப்பிட்டது

09.03.2024, சனி
வுப்பர்டால் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா. ரோல்ஸ் பொரித்து முடிந்ததும் எண்ணெய்ச் சட்டியை இறக்க ஆளில்லை. மண்டபத்தின் மறுகரையில் நின்ற இவரை “சேயோன்!” என்று கத்திக் கூப்பிட்டுவிட்டேன். ஊரில் இயக்கத்தில் இருந்தபோது வைத்த பெயர். கலியாணத்துக்கு முந்தி எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். இருபத்திரண்டு வருடமாக வெளியில் சில்வெஸ்டர் என்றே சொல்லிப் பழகிய வாய், சனியன், இன்றைக்கா தவற வேண்டும்!

பாரிசிலிருந்து ஜெர்மனிக்குப் புதிதாகக் குடிவந்த சுகன்யாதேவி அக்கா, கையில் தட்டோடு, இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

10.03
இவர் சாப்பிடவில்லை. “அவ பிருந்தன்ரை அக்கா,” என்றார்.

12.03
எழுதி வைத்தாலாவது நித்திரை வருமா?

தொண்ணூற்றி நாலில் இவர் ஓர் அணிக்கு அரசியல் பொறுப்பாளர். பெடியளுக்கு வகுப்பு எடுப்பது, யாருடைய மனநிலை எப்படி என்று மேலிடத்துக்கு எழுதுவது – அதுதான் வேலை. இயக்கத்துக்குள் களையெடுப்பு தொடங்கியபோது ஒவ்வொரு அணியிலும் சந்தேகத்துக்குரிய ஆட்களின் பெயர் கேட்டார்கள். கொடுக்காதவனின் பெயரை வேறு யாராவது கொடுப்பார்கள். இவர் தன் அணியிலிருந்த பிருந்தனின் பெயரை எழுதினார். பத்தொன்பது வயது. கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை.

இது எனக்கு மட்டும் தெரியும். மகளுக்குத் தெரியாது. ஜெசிக்காவுக்கு அப்பா என்றால் உயிர். மாதாவே, அவளுக்குத் தெரியவரக் கூடாது.

15.03
வாசல் மணி. கதவுத் துளையால் எட்டிப் பார்த்தேன். பார்சல்காரன்.

23.03, சனி
சுகன்யாதேவி அக்கா வந்துவிட்டார். ஒரு பெட்டி பயத்தம் பணியாரத்தோடு. “இருங்கோ அக்கா” என்றேன். ஜெசிக்கா தேத்தண்ணி கொண்டுவந்து, போகாமல் பக்கத்தில் இருந்துவிட்டாள்.

அக்கா இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அவன் காணாமப் போனாப்பிறகு எங்கடை வாசலை மிதிச்ச ஒரே ஆள் நீங்கள்தான், தம்பி. அம்மா சாகுமட்டும் உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ.”

ஐயோ! சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். மேசைக்குக் கீழே இவருடைய காலை மிதித்தேன். சொல்லாதேங்கோ, கடவுளே, சொல்லாதேங்கோ –

“அக்கா, அவன்ரை பேரை எழுதிக் குடுத்தது நான்தான்.”

ஜெசிக்காவுக்கு முன்னால்.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எங்கை தாட்டவங்கள்?”

இவருக்குப் புதைத்த இடம் தெரிந்திருந்தது. அது எனக்கே தெரியாது. முப்பது வருடம்!

24.03
பூட்டிய அறைக் கதவுக்கு உள்ளேயிருந்து ஜெசிக்கா: “உங்களுக்கும் தெரியுமா அம்மா?”
ஓம் என்றேன்.

02.04
இவர் அந்த இடத்துக்கு வரைபடம் கீறுகிறார். பள்ளிக்கூடம், உடைந்த மதகு, கிணறு, கிணற்றிலிருந்து வடக்கே நாற்பது காலடி. நான் கிட்டப் போகவில்லை. ஜெசிக்கா சிநேகிதி வீட்டில் இருக்கிறாள்.

28.05
ஜெசிக்கா சுகன்யாதேவி அக்கா வீட்டுக்குப் போய்வருகிறாளாம். என்ன கதைக்கிறார்கள்? கேட்கப் பயமாக இருக்கிறது.

19.07, வெள்ளி
டுசில்டோர்ஃப் விமான நிலையம். அக்காவுக்கு முழங்கால் ஏலாது, தனியே விட முடியாது என்று ஜெசிக்கா தானே லீவு எடுத்து அவரோடு ஊருக்குப் போகிறாள். இவர் கீறிய படம் அவளுடைய பாஸ்போட்டுக்குள் இருக்கிறது. அக்கா இவர் பக்கம் திரும்பவேயில்லை. ஜெசிக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். இவர் பெட்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

“தாங்கோ,” என்று அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நாலு மாதத்தில் அவள் இவரோடு கதைத்தது அந்த ஒரு சொல்தான்.