இந்தத் தாளை அவருக்குப் படிக்காதே

பிப்ரவரி 9

என் வாயாடித் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கடல் தாண்டிப் பன்னிரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்றுதான் வந்து சேர்ந்தது. போனில் பேசினால் "சாப்டியா, தூங்கினியா" என்பதோடு முடிந்துவிடுகிறது, கடிதமென்றால் நாலு நாள் வைத்துப் படிக்கலாம் என்று உன் அத்தான் சொன்னது சரிதான். நாலு நாள் இல்லை, நாற்பது நாள் படிக்கச் சொல்வார் போலிருக்கிறது. எனக்குத்தான் தொண்டை கட்டிக்கொள்கிறது.

அவர் மின்கம்பத்திலிருந்து விழுந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். கழுத்துக்குக் கீழே இன்னும் ஒன்றும் தெரியவில்லை. "பாக்கலாம்மா" என்கிறார் டாக்டர். என்னத்தைப் பார்ப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறேன். அந்த இடைவெளியில் பள்ளிச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறேன். நாள் இப்படியே ஓடுகிறது.

சலவைக்கு வந்த சட்டைப் பையில் கிடைத்தது என்று ஒரு சீட்டு அனுப்பியிருந்தாயே, கட்டத்துக்குள் வட்டமும் பெருக்கலும் போடும் விளையாட்டு, பாதியில் நின்றது. அரை மணி நேரம் அதையே பார்த்தார். "மூலைல பெருக்கல் போடு. அவ்ளோதான், எதிராளி காலி" என்றார். போட்டேன். எவ்வளவோ நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் இருக்கிறதென்றாயே, சுடுதண்ணீர் குடி.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வாயாடி வந்துவிட்டேன். எதிராளியைக் காலி செய்த அத்தானுக்கு ஒரு சலாம்.

இந்த வாரத்துப் பைகளில் கிடைத்தவை: ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை, அதற்குள் பத்திரமாகச் சுற்றிவைத்த ஒரு கூழாங்கல். பெரிய மனிதர் ஒருவரின் கோட்டுப் பையில் "மறக்காமல் சிரிக்கவும்" என்று எழுதிய துண்டுக் காகிதம். இன்னொரு பையில் தங்க நிறத்தில் ஓர் இலை, இஸ்திரி போட்டதுபோல். இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகளை அள்ளும்போது அவை என்ன கதகதப்பாக இருக்கின்றன தெரியுமா? யாரும் பார்க்காதபோது முகத்தைப் புதைத்துக்கொள்வேன். காலையில் ஜன்னல் வழியாக வெயில் வந்து நுரைமேல் உட்காரும். ஏழு நிறமும் தெரியும்.

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். பாஸ்போர்ட் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால், "எதுக்கு அவசரம்?" என்கிறார் மேனேஜர்.

அக்கா, நீயும் ஒரு நாளைக்கு ஒரு நல்ல விஷயமாவது தேடிப் பார். கண்ணில் படாமலா போகும்?

உங்கள்
வாயாடி

மார்ச் 10

தங்கைக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். எழுதுவது அவருக்குத் தெரியாது.

தேடிப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். அவர் இடுப்பில் படுக்கைப் புண் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருக்கிறது. வாரம் இரண்டு முறை வரும் நர்ஸ் அதைத் துடைக்கும்போது அவருக்கு வலிப்பதில்லை. வலித்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன். இதுதான் என் கண்ணில் பட்டது.

ஒரு வருடமாகக் கழுவிவிடுகிறேன், ஊட்டுகிறேன், திருப்புகிறேன். என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு கிடையாது. கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் கவர் வந்தால் மட்டும் பல் தெரிகிறது. யாரோ ஒருவனின் கோட்டுப் பையில் இருப்பது அவருக்கு இனிக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் நான் வேலைக்காரி.

உன்மேல் பொறாமைப்படுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லையடி. ஆனால் படுகிறேன். வர முடியுமென்றால் வா. வந்து ஒரு கை பிடி. முடியாதென்றால் வெயிலைப் பற்றி எனக்கு எழுதாதே.

அக்கா

மார்ச் 25

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த வாரம் ஒரு பையில் சின்னச் சாவி கிடைத்தது. எந்தப் பூட்டுக்கும் சேராத அளவு சின்னது. பொம்மை வீட்டுச் சாவியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அக்காவிடம் சொல்லி எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி

(தனித்தாள்)

அக்கா, இந்தத் தாளை அவருக்குப் படிக்காதே.

நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி கடைசியிலேயே என்னைச் சலவைக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நீராவியில் மூச்சு இழுத்தது. இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். இப்போது கட்டடத்துக்கு அடியில், சோப்புத் திரவத்தைப் பெரிய பீப்பாயிலிருந்து கேன்களில் ஊற்றுகிறேன். ஜன்னல் இல்லை. ஒரு விளக்கு. பைகளும் இல்லை. அந்தக் கட்டம் போட்ட சீட்டுதான் கடைசியாக நிஜமாகக் கிடைத்தது. காலுறை, கூழாங்கல், இலை, இந்தச் சாவி எல்லாமே நான் கட்டிய கதை. இலையை வாசலில் பொறுக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இங்கே வாசலில் மரமே கிடையாது.

அத்தான் சிரித்தார் என்று எழுதினாய். அதை எப்படி நிறுத்துவது? உன் கஷ்டத்தில் என்னால் ஒரு வாளி தண்ணீர் தூக்கித் தர முடியவில்லை. பொய்யாவது அனுப்பலாமே என்று நினைத்தேன். மேனேஜரிடம் மறுபடி கேட்டேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதானாம்.

எனக்கு இங்கே ஒன்றுமே தென்படவில்லை அக்கா. உன்னைத் தேடச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஏப்ரல் 8

என் கண்ணே,

தப்பு நடந்துவிட்டது. அடுப்பில் பால் இருந்தது. அந்த அவசரத்தில் கவரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டிருந்தன, 'படிக்காதே' என்ற வரி மடிப்புக்குள் போயிருந்தது. 'ஜனவரி கடைசியிலேயே' வரை வாய்விட்டுப் படித்துவிட்டேன். நிறுத்தினேன். "மிச்சத்தையும் படி" என்றார். முடியாதென்றேன். "படிங்கிறேன்ல." படித்தேன். பால் பொங்கி ஊற்றியது. போய் அணைக்கக்கூட இல்லை.

"தெரியும்" என்றார். "எப்பயோ தெரியும். நிஜமான பாக்கெட்ல கசங்குன டிக்கெட்டும் பஞ்சும்தான் இருக்கும். வாராவாரம் இவ்ளோ அழகாவா வரும்?"

அப்புறம் பேனாவை எடுக்கச் சொன்னார். ஒரு வார்த்தை மாற்றக் கூடாதென்று உத்தரவு. அவர் சொன்னது:

"வாயாடி, இனிமே நீ எனக்கு ஒண்ணும் தேட வேணாம். கொஞ்ச நாள் நான் அனுப்புறேன். உங்கக்கா தையல் மெஷின் சத்தத்த வச்சே அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு சொல்லிடுவேன். கோவம்னா தடதடன்னு ஓடும். அழுறான்னா விட்டுவிட்டு ஓடும். ஒரு பட்டன் சரியா உக்காந்துட்டா பல்லால நூலக் கடிச்சிட்டு 'ம்'னு ஒரு சத்தம் போடுவா. அவளுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு நாப்பது 'ம்' வருது. கூரையப் பாத்துக்கிட்டு நான் அதத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ சத்தம் போடாம தைப்ப" என்றார்.

போன கடிதத்தில் எழுதியதை மன்னித்துவிடு. மூச்சு இப்போது எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? மறைக்காமல் எழுது.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா, அத்தான்,

அந்தக் கடிதத்தைக் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். ஒரு 'ம்' போட்டுப் பார்த்தேன். அக்கா மாதிரி வரவில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளும் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. இது நிஜமாக நடந்தது.

மூச்சு முன்போல்தான். டாக்டரிடம் அனுப்ப ஒரு தாள் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. அத்தானுக்குப் புண் ஆறுகிறதா?

வாயாடி

மே 6

அன்புத் தங்கைக்கு,

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படி. சிறுநீரில் சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறிவிட்டதாம். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். முந்தாநாள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். "நல்லா பாத்துக்குங்கம்மா" என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதற்கு என்ன அர்த்தமென்று உனக்கும் தெரியும்.

நீ வர முடியாது. எனக்குத் தெரியும். வா என்று கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் மூச்சை நீ பார்த்துக்கொள், எனக்கு அது போதும். என்னாலும் இங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. ஈரத்துணி போடுகிறேன், எடுக்கிறேன், மறுபடி போடுகிறேன். காய்ச்சல் நான் சொன்னால் கேட்கிறதா?

உன் கடிதத்தைக் காதோடு படித்தேன். எவ்வளவு கேட்டதோ. உதடு லேசாக விரிந்தது. சிரிப்பா, தாகமா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தேன்.

கூப்பிடுகிறார். தலையணையைத் திருப்பிப் போட வேண்டுமாம். அடிப்பக்கம் குளிர்ச்சியாக இருக்கும். காலையிலிருந்து அது ஒன்றைத்தான் கேட்கிறார். தலை வைத்ததும் "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். இரண்டு நிமிடத்தில் அந்தப் பக்கமும் சுட்டுவிடுகிறது. மறுபடி திருப்புகிறேன்.

போகிறேன்.

அக்கா