நீ விட்டுப்போன கோழிகள்

குருணையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் ஒரு புளித்த வாசனை வரும். இன்று காலை பக்கத்தில் யார் வீட்டிலோ பிசைந்திருக்கிறார்கள். சுவர் தாண்டி அது வந்ததும் நான் பாட்டுக்கு எழுந்துபோய்த் தீனி டப்பாவைத் தேடினேன். டப்பா கையில் வந்த பிறகுதான், தின்ன ஒரு கோழியும் இல்லை என்பது உறைத்தது. அவற்றுக்கு என்ன ஆனது என்று உன்னிடம் சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் நோய் வந்து உன் கோழிகளில் பாதிக்கு மேல் செத்தன. தப்பித்தவற்றை நீ மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சினாய். "இதுங்க சாவையே ஜெயிச்சு வந்ததுங்க. இனிமே இதுங்க முட்டையத்தான் அடை வைக்கணும்" என்றாய். இந்த ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். பிழைத்தது பலமானது, பலமானதன் குஞ்சு பலமாக இருக்கும் என்ற கணக்கு.

நான் பெரம்பலூர் கால்நடை லேபில் இதே வேலையாகக் கிடப்பவன். எனக்குச் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தட்டோடு வந்து, இறக்கையில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஊதா மருந்தில் கலந்தேன். எல்லாக் கோழிகளின் ரத்தமும் திரிதிரியாகத் திரண்டது. அப்படித் திரண்டால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். கோழி டைபாய்டு. நோய் போகவில்லை, உள்ளே தங்கிவிட்டது. முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

"நல்லாத்தானே மேயுதுங்க?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டாய். அப்போது உனக்கே உடம்பு சரியில்லை. கிருமியை விழுங்கி அழிக்க உடம்பில் காவல் செல்கள் இருக்கின்றன, இந்தக் கிருமி அந்தக் காவல்காரனின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் என்றேன். இதன் பங்காளிகள் நீந்தும், மாடு, மனிதன் என்று எங்கும் பிழைக்கும். இது தலைமுறை தலைமுறையாகக் கோழிக்குள்ளேயே இருந்து பழகியதில் நீந்தும் வாலை இழந்துவிட்டது. வேறு இடத்தில் பிழைக்கத் தேவையான மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகிவிட்டன. கோழிக்குள் வாழ உதவுகிறவை மட்டும் கச்சிதமாக இருக்கின்றன.

நீ மோட்டுவளையைப் பார்த்தாய். "அப்ப கோழிய வுட்டா அதுக்குப் போக்கிடம் இல்ல. என்னைய மாதிரிதான்னு சொல்லுங்க" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியும் இந்த அறையும் தவிர நீ எதையும் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

அடித்துப் புதைத்துவிடலாம் என்றதற்கு நீ சம்மதிக்கவில்லை. "நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டுங்க. யாருக்கும் முட்டை குடுக்க மாட்டேன், போதுமா?" சொன்னபடி நடந்துகொண்டாய். முட்டை கேட்டு வந்தவர்களிடம் "இப்பல்லாம் வக்கிறதே இல்ல" என்பாய். பின்னால் ஒரு கோழி முட்டையிட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கும்.

நீ போனதும் நான் முடித்திருக்க வேண்டும். கை வரவில்லை. அவற்றை விற்க முடியாது, கொடுக்க முடியாது, கொல்லவும் மனம் வரவில்லை. நோய் வெளியே போகாதபடி கூண்டுக்கு ஒரு செருப்பு, வீட்டுக்கு ஒரு செருப்பு என்று வைத்துக்கொண்டு அவற்றோடு நானும் அடைந்து கிடந்தேன். திருச்சியிலிருந்து மகள் போனில், "கோழிக்காகவாப்பா அங்க கெடக்குறீங்க?" என்று கத்துவாள். சில நாள் உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

பக்கத்து வீட்டுச் செல்விக்கு எதுவும் தெரியாது. அவள் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தால் உன் கூண்டிலிருந்து முட்டை எடுத்துக்கொள்வதும், பொரித்ததில் ஒரு குஞ்சை உனக்குத் திருப்பித் தருவதும் உங்களுக்குள் இருந்த பழக்கம். கூண்டுச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். நான் ஆபீஸ் போயிருந்த ஒரு நாள் எடுத்துப் போயிருக்கிறாள். பொரித்த குஞ்சுகள் பின்பக்கம் எச்சம் வெள்ளையாக அப்பிக்கொண்டு செத்தன. பிறகு அவளுடைய பெரிய கோழிகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முந்திரி வேலை இல்லாத மாதங்களில் அந்தக் கோழிகளை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணி வளத்ததோட முட்டைன்னு நம்பி எடுத்தேண்ணே. வெயிலு தாங்கலையா, என்னன்னு தெரியல."

வெயில்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அதே கூண்டில் புதுக் கோழி வாங்கி விடுவாள், அதுவும் சாகும். "வெயில் இல்லம்மா. எங்க கோழிங்ககிட்டேர்ந்து வந்த நோய்தான்" என்றேன்.

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த கோழியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணிக்கு இது தெரியுமாண்ணே?" என்றாள்.

"தெரியாதும்மா. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"தெரிஞ்சேவா வச்சிருந்தீங்க?"

"ஆமா."

அன்று மத்தியானமே முடித்துவிட்டேன். உன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தபோது, தீனி போட வந்தேன் என்று நினைத்து அவை ஓடாமல் நின்றன. நான் அழுதேன். குழி ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். செல்வியின் கூண்டையும் தீயில் காட்டிக் கழுவிக்கொடுத்தேன். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது இங்கே என்னைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, திருச்சிக்குப் போகலாம். ஆனால் நான் போய்விட்டால், கோபப்பட ஆள் இல்லாமல் செல்வி ஒரு நாள் நம் மகளுக்கே போன் போட்டு, அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்பாள். நீ சொல்லி மகளுக்கு எல்லாம் தெரியும், மனதில் எதையும் வைத்துக்கொள்ளவும் தெரியாது. நான் இங்கே இருந்தால் கோபம் என்மேலேயே நிற்கும். அந்தப் பொய்க்குக் காவலாக இருக்கிறேன்.

நேற்று தெருக்குழாயில் குடத்தோடு நின்றேன். முன்னால் நின்ற செல்வி திரும்பிப் பார்க்காமலே இன்னொருத்தியிடம் சொன்னாள்: "அண்ணிக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடியாந்து சொல்லியிருக்கும்."

நான் தலையாட்டிவிட்டுக் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.