இடது பட்டனில் கட்டிய கம்பி

ஜூன் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இன்று மூன்று மணி நேரம். காது கேளாத ஒரு கர்ப்பிணிக்கு டாக்டர் சொல்வதை நான் சைகையில் சொல்ல வேண்டும். அவள் கை சொல்வதை நான் வாயால் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அவள் பயப்பட்டால் "பயமா இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும், "அவளுக்குப் பயமாம்" என்று சொல்லக் கூடாது. பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. டாக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா பயம்?" என்றார். ஆள் புதுசு போல.

வீட்டுக்கு வந்தால் தம்பி சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். உதவிக்குப் போனால் முறைப்பான். இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். அவனுக்கும் காது கேட்காது. மற்றவர்களுக்குக் கைதான் போகும். இவனுக்குப் பேச்சும் சேர்ந்து போனது. வலது கையாலும் அந்த ஒற்றை விரலாலும் இப்போது அவன் பேசுவது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் முழுதாகப் புரியும். அவனுடைய பழைய நண்பர்கள்கூட "திக்குகிறான்" என்கிறார்கள்.

பட்டறையில் விரல்கள் போய் இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிவிட்டது. நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 7, ஞாயிறு

அவன் சபைக்கு வந்தான். நம் சபைக்கு. வெள்ளைச் சட்டை, கையில் புது வேதப் புத்தகம், மூன்றாவது வரிசை.

பேனா வந்துவிட்டான்!

காது கேளாதவர்கள் எல்லாருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். என் மூக்கு கோபத்தில் சிவக்குமாம், அதனால் மூக்கு நுனியைத் தொட்டால் நான். சட்டைப் பையில் பேனா குத்துவது போலக் காட்டினால் அவன். பட்டறையில் தம்பிக்கு சூப்பர்வைசராக இருந்தவன். எத்தனை கதவுக் கீல் அடித்தார்கள் என்று எழுத எப்போதும் பையில் பேனா.

நான் முன்னால் நின்று சைகை செய்யும்போதுதான் பார்த்தேன். என் கை ஒரு நொடி நின்றுவிட்டது. முதல் வரிசையில் தம்பியோடு உட்கார்ந்திருந்த காது கேளாத ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தம்பி திரும்பிப் பார்த்தான். பிறகு மூக்கு நுனியைத் தொட்டு, 'வேலையைப் பார்' என்றான்.

ஜூன் 8, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கீல் அடிக்கும் அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பேனா என்ன செய்தான்? இடது பட்டனை ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டான். ஒரு கை பட்டனில், ஒரு கை தகடு வைக்க. ஒரு ஷிப்டுக்கு இருநூறு கீல் கூடுதல். இருநூறு கீலுக்கு நாலு விரல்!

தொழிலாளர் ஆபீஸ் விசாரணையில், "அவனேதான் கட்டிக்கிட்டான் சார், சொன்னா கேக்கறதில்ல. கேக்கவும் கேக்காதே" என்றான். அதற்கு ஒருவர் சிரித்தார். இரத்த உறவு என்று என்னை மொழிபெயர்க்க விடவில்லை. அலுவலகமே ஒரு பெண்ணைக் கூட்டிவந்தது. மூன்று மாதம் சைகை படித்தவள். தம்பி கட்டுப்போட்ட கையோடு ஒன்பது நிமிடம் பேசினான். அவள் அதிகாரியிடம் சொன்னது, "தெரியலைங்கறார்." கடைசி பெஞ்சிலிருந்து நான் கத்தினேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்?

ஜூன் 11, வியாழன்

அம்மாவின் ஜெபத்தை இன்று ஒட்டுக் கேட்டேன். "பெருசா ஒண்ணும் வேணாம் ஆண்டவரே. அவனுக்கு ஒரு பல்வலி குடுங்க. சாப்பிடறப்போ மட்டும்."

"ஏம்மா, இப்படியெல்லாமா ஜெபம் பண்ணுவாங்க?"

"நீ பண்றத நான் கேட்டேனே. அதுக்கு இது எவ்வளவோ மேல்."

வாயை மூடிக்கொண்டேன். நான் கேட்பது பல்வலியோடு நிற்பதில்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் கூப்பிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பேனா சபைக்கு முன்னால் சாட்சி சொல்லப் போகிறானாம். மாரடைப்பு வந்து பிழைத்தானாம், மனம் திரும்பிவிட்டானாம். நான்தான் சைகையில் சொல்ல வேண்டுமாம்.

"ஐயா, அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. அவரே சொன்னார். நடந்ததுக்கு மன்னிப்பு கேட்டுட்டார்."

"யார்கிட்ட கேட்டான்?"

"ஆண்டவர்கிட்ட."

"கை போனது ஆண்டவருக்கா?"

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "அவர் கையிலயும்தானேம்மா ஆணி அடிச்சாங்க" என்றார்.

அதனால் இன்னும் ஆத்திரம். ஆணி அடித்தவன் மூன்றாம் நாள் வந்து மேடையேறி மைக் பிடிக்கவில்லையே! இதெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றுகிறது.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்கய்யா" என்று வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 16, செவ்வாய்

யோசித்துவிட்டேன். சபையில் காது கேட்கிறவர்களுக்கு என் கை தெரியாது. முதல் வரிசைக்குப் பேனாவின் வாய் தெரியாது. அவன் தேனொழுகப் பேசட்டும். என் கை உண்மையைப் பேசும். "நான் கம்பி கட்டினேன், நான் பொய் சொன்னேன், நான் கோழை" என்று அவன் வாயாலேயே, இல்லை, என் கையாலேயே. ஆறு பேரும் கடைசி நாள்வரை அவனை அப்படித்தான் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு செய்தி போனால் ஊரெல்லாம் போகும். அவன் யாரிடம் போய் மறுப்பான்? சைகை தெரியுமா அவனுக்கு?

இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் ருசித்துச் சாப்பிட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

பட்டறையில் கூட வேலை செய்தவனை தம்பி டீக்கடையில் பார்த்திருக்கிறான். வந்ததும் சொன்னான்: "கம்பி இன்னும் இருக்கு. என் மெஷின்ல இப்ப ஒரு பொண்ணு. சேர்ந்து ஆறு வாரந்தான் ஆகுதாம்."

மனம் திரும்பிய லட்சணம்! எனக்கு ஒரே கொண்டாட்டம். இதையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்துக்கொண்டேன். தம்பி ஏதோ கேட்க வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

ஜூன் 21, ஞாயிறு

சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வரும். இரண்டு வருடமாக அதை நான் வாயால் சொல்வதில்லை. கை மட்டும் சொல்லும். வேலை அல்லவா.

எங்கள் சைகையில் மன்னிப்பு என்றால் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, அங்கிருந்து எதிரே இருப்பவரை நோக்கி விரிக்க வேண்டும். நான் நெஞ்சைத் தொடாமல் காற்றிலேயே முடித்துவிடுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வெளியே வரும்போது தம்பி அதை அப்படியே நடித்துக் காட்டினான். ஈ ஓட்டுவது போல. "நீ மன்னிக்கறியா, ஈ விரட்டறியா?"

சிரித்துவிட்டேன், சனியன்.

ஜூன் 27, சனி

நாளை. கண்ணாடி முன்னால் நான்கு முறை செய்து பார்த்தேன். கோழை என்ற சைகை நன்றாக விழுகிறது. ஜெபம் செய்யவில்லை. என்ன சொல்லிச் செய்வது?

ஜூன் 28, ஞாயிறு

எங்கே தொடங்குவது.

அவன் மைக்கைப் பிடித்தான். தலைகீழாகப் பிடித்துவிட்டுத் திருப்பினான். "நான் பல தப்புகள் செய்தவன். நிறையப் பேர் மனசைக் காயப்படுத்தியிருக்கிறேன்" என்றான். அவ்வளவுதான். பல. நிறைய. கம்பி இல்லை, மெஷின் இல்லை, தம்பி இல்லை. அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டியவள்தான் நான். அந்தப் "பல" வந்ததும் போதும் என்று ஆகிவிட்டது.

என் கை ஆரம்பித்தது. நான் பட்டனில் கம்பி கட்டினேன். அவன்மேல் பழி போட்டேன். நான் கோழை. இதோ உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வரிசை அதிர்ந்துபோனது. ஆறு பேரில் ஒருத்தியான தையற்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். வெறுப்பாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இரக்கமாகப் பார்த்தாள்! ஒப்புக்கொண்டுவிட்டானே என்று. என் திட்டத்தில் இது இல்லை. இன்னும் காட்டமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று கை தேடிக்கொண்டிருந்தது.

அப்போது கூடத்தின் விளக்குகள் அணைந்தன. எரிந்தன. மறுபடி அணைந்தன. காது கேளாதவர்கள் கூட்டத்தில் ஒருவர் பேச வேண்டும் என்றால் இப்படித்தான் கூப்பிடுவார்கள். சுவரோரம் சுவிட்சில் கை வைத்தபடி தம்பி நின்றான். மின்சாரம் போய்விட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவன் என்னிடம் வந்து நின்றான். அவனுக்கு உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் படிக்கத் தெரியும். என் மூக்கைப் படிக்க நன்றாகவே தெரியும்.

"அவன் அதச் சொல்லல."

"உண்மையத்தானேடா சொன்னேன்!"

"அந்த ஆபீஸ் பொண்ணும் அவளா ஒண்ணச் சொன்னா. நீயும் உன் பாட்டுக்குச் சொல்ற. நான் எப்பத்தான் நேரா கேக்கறது?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அவன் பேனாவின் பக்கம் திரும்பினான். "இப்ப நான் பேசறேன். நான் சொல்றத மட்டும் சொல்லு" என்றான். அந்த வலது கையாலும் ஒற்றை விரலாலும் மெதுவாகப் பேசினான். நான் வாயால் சொன்னேன். விதிப்படி, 'நான்' என்றே சொன்னேன்.

"என் கையைப் பத்தி நான் கேக்கல. இடது பட்டன்ல கம்பி இப்பவும் இருக்கா?"

பேனா மைக்கை இறக்கினான். போதகர் எழுந்து பாதியில் நின்றார்.

"...இருக்கு."

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை விரல்?"

பேனா தலையைக் குனிந்துகொண்டான். நான் மறுபடி கேட்டேன். தம்பி மறுபடி கேட்டான் என்பதால்.

"பத்து."

"போய்க் கழட்டிட்டு வாங்க. அப்புறம் சாட்சி சொல்லுங்க. நான் முதல் வரிசையிலதான் இருப்பேன்."

அவன் போய் உட்கார்ந்தான். பேனா மைக்கை வைத்துவிட்டு நடுவழியாக நடந்து வெளியே போனான்.

ஜூன் 29, திங்கள்

ஒன்பது நாளாக எனக்குத் தெரியும், அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று. ஒன்பது நாள், இருநூறு இருநூறு கீலாக. ஒரு தடவைகூட அவளைப் பற்றி நினைக்கவில்லை. எனக்கு அவள் ஒரு ஆதாரம், அவ்வளவுதான். தம்பி அன்று எழுந்து போனது இதனால்தான்.

பேனாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் கணக்கில் கீல், என் கணக்கில்... போதும். எழுத முடியவில்லை.

ஜூலை 1, புதன்

ஆறு பேர் வீட்டுக்கும் போனேன். ஒவ்வொருவரிடமும் கையால் சொன்னேன்: அவன் அதைச் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன், பொய்யான மொழிபெயர்ப்பு. தையற்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் அழுதது?" என்று கேட்டாள். பிறகு, "இத்தனை வருஷம் நீ சொன்னதுல எது நிஜம், எது நீயா சொன்னது?" என்றாள்.

போதகரிடமும் சொல்லிவிட்டேன். நான்கு வாரம் முன்னால் நிற்க வேண்டாம் என்று நானே கேட்டேன். ஒன்று போதும் என்றார். இரண்டு என்று முடிந்தது.

ஜூலை 5, ஞாயிறு

பேனா வரவில்லை. நினைத்தேன். வரமாட்டான். பூசி மெழுகுகிறவன் பூசி மெழுகிக்கொண்டேதான் இருப்பான். தம்பி இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவன் நம்புகிறான். அந்த நம்பிக்கையைப் பார்த்தால் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 9, வியாழன்

டீக்கடைச் செய்தி. திங்கட்கிழமை காலை பேனா ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கம்பியை வெட்டியிருக்கிறான், கையில் கட்டிங் பிளேயர். முதலாளி வந்து கத்தியிருக்கிறார். அன்று மத்தியானமே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது இரண்டு கையாலும் அழுத்துகிறாளாம்.

அவனுக்கு வேலை போனதில் எனக்குச் சந்தோஷம். இதை மறைக்கப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்காகவும் சந்தோஷம். எது முதலில் வந்தது என்று கேட்காதீர் ஆண்டவரே, உமக்கே தெரியும்.

அம்மா சொன்னாள், "பல்வலிய நிறுத்தச் சொல்லிட்டேன்."

"நிஜமாவே இருந்துச்சாம்மா?"

"யாருக்குத் தெரியும். இருந்தா நிக்கட்டும்."

ஜூலை 19, ஞாயிறு

மறுபடி முன்னால் நின்றேன். தையற்காரம்மா என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பரவாயில்லை, பார்க்கட்டும்.

பேனா வந்தான். சட்டைப் பையில் பேனா இல்லை. மேடைக்குப் போகவில்லை. முதல் வரிசைக்கு வந்து தம்பியின் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தான். பிரித்தால் ஏழு துண்டுக் கம்பி. என்னைப் பார்த்து, "இதுல இடது ஓரத்துல இருக்கறது உங்க தம்பி மெஷினோடது. நான்தான் கட்டுனேன். நாளைக்கு அந்தத் தொழிலாளர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன், அவரும் வரணும்" என்றான்.

அவ்வளவையும் சைகையில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'நான்தான் கட்டுனேன்' என்பதற்கு மூன்று வாரம் முன்பு செய்த அதே சைகைதான். இந்த முறை என் கை கனத்தது.

தம்பி அந்தக் கம்பியை எடுத்துப் பார்த்தான். "இவ்வளவு சின்னதா!" என்றான். பிறகு, "நாளைக்கு யாரு மொழிபெயர்க்கறா?" என்று கேட்டான். நான் கூடாதே, இரத்த உறவு. பெரிய ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்கிறவளை வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு சொல் விடமாட்டாள். நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். கத்த மாட்டேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் அந்த ஜெபம். அந்த வரி வந்தது. பேனா மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தேன். வைத்துவிட்டேன், அதுவரை சரி. அங்கிருந்து கிளம்பிய கை பாதி வழியில் நின்றுவிட்டது. சபை அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். கிண்டல் செய்யப்போகிறான் என்று காத்திருந்தேன். கட்டைவிரலால் தன் நெஞ்சைத் தொட்டு, அதைப் பாதி தூரம் நீட்டி, அங்கேயே நிறுத்திக் காட்டினான்.

"எனக்கும் அங்கதான் நிக்குது" என்றான்.