ஊர்வல வண்டிக்கு எதுக்குப் பிரேக்கு

4-5-37
கோரிப்பாளையம் முனையில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. பிரேக்கை நான் மூன்று தடவை மிதித்த பிறகுதான் கார் நின்றது. குட்டி பிழைத்தது. பின் ஸீட்டிலிருந்து முதலாளி, “என்ன பீரு, தூங்குறியா?” என்றார்.

சீமையிலிருந்து கப்பலில் வந்த கார். பட்டு மெத்தை, வெள்ளிப் பூச்சாடி. அவர் அப்பா வாங்கியது. பிரேக்கும் அப்பா காலத்துப் பிரேக்தான்.

7-5-37
பக்கீர் அண்ணன் தன் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக்கில் தேய இனி ஒன்றும் மிச்சமில்லை. இரும்பும் இரும்பும் உரசுகின்றன. ஒயர்களின் மேல் ரப்பர் தொட்டாலே உதிர்கிறது.

“மாப்ள, இது காரு இல்ல. பட்டு போத்துன மய்யித்து, ஓடுற பொணம்.”

8-5-37
முதலாளியிடம் சொன்னேன். மெத்தைக்குப் புதுப் பட்டு அளந்துகொண்டிருந்தார். வரும் வெள்ளி அவர் தங்கை மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. கார் முழுக்கப் பல்பு கட்டி, கார் பாட்டரியிலேயே எரிய வைக்க வேண்டுமாம்.

“ஒயரு தாங்காதுங்க. பிரேக்கும் பிடிக்கல.”

“மேளத்துக்குப் பின்னால நடை வேகத்துல போற வண்டிக்கு எதுக்குப்பா பிரேக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

12-5-37
“ஓட்ட மாட்டேன்னு சொல்லிருண்ணே” என்கிறாள் தங்கை சபுரா. சொல்லலாம். வேறொருவனைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு இந்த வண்டியின் சீக்கு தெரியாது. — இது நியாயமா, வேலை போய்விடும் என்ற பயமா?

15-5-37
நேற்று முன்னிரவு, மாப்பிள்ளை அழைப்பு.

மின்சார வெளிச்சம் எடுப்பாகத் தெரிய, தலையில் கியாஸ் லைட் சுமக்கும் பெண்களைக் காருக்குப் பின்னால் வரச் சொல்லியிருந்தார் முதலாளி. ஆற்றுப் பாலத்தின் மேல் கருகல் நாற்றம் வந்தது. பல்புகள் மொத்தமாக அணைந்தன. எஞ்சினும் நின்றது. மாப்பிள்ளை பாதி வழியில் இறங்கினால் அபசகுனமாம், இறங்கவில்லை. இருட்டுக்காக அந்தப் பெண்களைக் காருக்கு முன்னால் விட்டார்கள். சொந்தக்காரர்கள் நாலு பேர் தள்ளினார்கள்.

“சரிவு வருதுண்ணே, தள்ளாதீக!”

“ஒனக்கென்னடா, ஒக்காந்து வளைக்கிற வேலதான!”

சரிவு. அவர்கள் கையை எடுத்தும் வண்டி நிற்கவில்லை. மிதித்தேன், தரை வரை போனது. கைப்பிரேக் பிடி கையோடு வந்தது. கியர் பல்லைக் கடித்தது, விழவில்லை. ஹாரன் பாட்டரியோடு செத்துப்போயிருந்தது. கத்தினேன். ஏ ஆத்தா, தள்ளிக்கங்க, தள்ளிக்கங்கன்னு கத்துனேன்! முன்னால் மேளம். தலையில் விளக்கைச் சுமக்கிறவள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள்?

பாலத்துக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஒடித்தேன். எல்லோரும் தப்பினார்கள், ஒருத்தி தவிர. ஒச்சாயி, உசிலம்பட்டிப் பக்கம். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவள் வலது கால்.

மாப்பிள்ளையின் மாலைகூட அறவில்லை.

17-5-37
போலீஸ் வந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, டிரைவரின் அஜாக்கிரதைதான் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை மோட்டார் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதிப்பாராம். நல்லது. வண்டியே சொல்லட்டும்.

19-5-37
கார் பக்கீர் அண்ணன் பட்டறையில் நிற்கிறது. நாலு சக்கரமும் கழற்றி, புதுப் பிரேக், புது ஒயர். நான் சொன்னபோது நடக்காதது ஒரே நாளில் நடக்கிறது.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் முடியாதுன்னா வேற பட்டறைக்குப் போகும் மாப்ள.”

நானும் இதைத்தானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

20-5-37
இன்ஸ்பெக்டர் வேகமாக ஓட்டிப்போய் மிதித்தார். ஒரே மிதி. புழுதி கிளப்பி நின்றது. “புதுசா மாட்டுனதுங்கய்யா” என்றேன். “கேட்டா மட்டும் பேசு” என்றார். புது ரப்பர் வாடை எனக்கே மூக்கைத் துளைத்தது.

லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள்.

3-6-37
பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒச்சாயிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அம்புட்டுக் கத்துனியாமே தம்பி. எனக்குக் கேக்கவே இல்லையே.”

நடந்தே திரும்பினேன். கோரிப்பாளையம் முனையில் அந்தக் கார். புது டிரைவர். குறுக்கே ஆடுகள்.

முதல் மிதியிலேயே நின்றது.