காலு பெட்டக்கு

பாவா,

இன்று காலை உங்கள் தறிக்கூடத்து மூலையில் நின்ற நம் மோட்டார் சைக்கிளின் மேலிருந்து சாக்கை எடுத்தேன். வேண்டாத சாமான்களை ஒழித்துக் கொடு என்று அக்கா சொல்லியிருந்தாள். துருவும் எலிப்புழுக்கையும்தான் இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். பெட்ரோலும் ஆயிலும் கலந்த அந்தப் பழைய வாசனை முகத்தில் வந்து அடித்தது. கை தானாகப் பின் டயருக்குப் போனது. கட்டைவிரலால் அழுத்தினேன். அரை நகம் அளவுக்கு உள்ளே போய் நின்றது.

ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு அந்தக் காற்று போதாது. வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடந்த வண்டி என்றால் அதுவும் இருக்காது. பாறை ஏறுகிற வண்டிக்குத்தான் அது சரியான காற்று. நம்மிடம் காற்று அளக்கிற மீட்டர் ஏது? நீங்கள் அழுத்திப் பார்த்துவிட்டு "போதுமா?" என்பீர்கள். நான் அழுத்திப் பார்த்துவிட்டு "ஆங், போதும்" என்பேன். இரண்டு விரலும் ஒத்துக்கொள்ளாமல் வண்டி கிளம்பியதில்லை.

"யாருக்கா இதுக்குக் காத்து அடிச்சது?" என்று கேட்டேன்.

"வேற யாரு? அவருதான். போறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம கூட குந்தி அடிச்சிகினு இருந்தாரு" என்றாள் அக்கா. எதற்காக அடித்தீர்கள் என்பதையும் சொன்னாள். அதைக் கேட்ட நேரத்திலிருந்து வெட்கம் பிடுங்கித் தின்கிறது. உங்கள் கருமாதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் பாவா.

நமக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. அக்காவைக் கட்டியதால் நீங்கள் பாவா ஆனீர்கள், அவ்வளவுதான். நீங்கள் திருத்தணியில் இரண்டு தறி போட்டிருந்தீர்கள். எனக்கு எந்த வேலையும் நிற்கவில்லை. அரக்கோணத்தில் ஒரு ஒர்க்‌ஷாப், பிறகு பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர், பிறகு அதுவும் இல்லை. வாய் சும்மா இருந்தால்தானே வேலை நிற்கும். அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, அதையும் முறைப்பாகத் தின்றுகொண்டு இருந்தேன். நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுவே எனக்குத் தாங்காது.

விபத்தில் நசுங்கிய அந்த டூ ஸ்ட்ரோக் வண்டியை நீங்கள் அரக்கோணத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று எல்லாரும் சிரித்தார்கள். நாம் அதை அக்கக்காகப் பிரித்தோம். ஹெட்லைட்டைக் கழற்றி எறிந்தோம். மட்கார்டைத் தூக்கிக் கட்டினோம். பாறையில் இடிக்காமல் இருக்க சைலன்சரை வளைத்து மேலே ஏற்றினோம். நடக்கிற வேகத்தில் போனாலும் இன்ஜின் திணறக் கூடாது என்று பின் சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் கடைந்து வாங்கினோம். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் பிரேக் கேபிளிலிருந்து ஒரே ஒரு கம்பியைப் பிரித்துக் குத்துவீர்கள். அப்போது உங்கள் நாக்கு உதட்டோரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நான் கேலி செய்வேன். "நாக்கு உள்ள போனா பெட்ரோல் வராது மச்சான்" என்பீர்கள்.

மெட்ராஸிலிருந்து வந்த கிளப்காரர்கள் இந்த ஆட்டத்துக்கு ட்ரையல்ஸ் என்று பேர் சொன்னார்கள். இதில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறையோ பள்ளமோ ஆற்று மணலோ, காலைத் தரையில் ஊனாமல் கடக்க வேண்டும். ஊனினால் ஒரு குற்றப்புள்ளி. குறைந்த புள்ளி வாங்குகிறவன்தான் ஜெயித்தவன். நந்தியாற்றைத் தாண்டி நகரி ரோட்டுப் பக்கம் இருக்கும் பாறைமேட்டில் நாம் அதைத்தான் பழகினோம். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கீழே நின்று கத்த வேண்டும்: "காலு பெட்டக்கு! காலு பெட்டக்கு!" நம் வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. கோபமும் கொஞ்சலும் அவசரமும் தெலுங்கில்தான் வரும். 'பெட்டு' என்றால் வை. 'பெட்டக்கு' என்றால் வைக்காதே. கடைசியில் ஒட்டுகிற ஒரு சின்ன 'க்கு'தான் வித்தியாசம். பழக்கம் எப்படி ஆனது என்றால், வீடு மெழுகியிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தாலும் அக்கா "காலு பெட்டக்கு!" என்றுதான் கத்துவாள்.

போட்டி என்று வந்ததும் கிளப்காரர்கள் நம் பாறைமேட்டையே பார்த்துவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அவர்களோடு ஒரு வண்டிக் கம்பெனியின் ஆள் வந்திருந்தார். உள்ளூர்க்காரர்களில் முதலாவதாக வருகிறவனுக்கு மெட்ராஸில் வண்டி ஓட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை என்றார். வண்டி ஓட்டுவதற்குச் சம்பளமா என்று நமக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. உள்ளூரில் ஓட்டுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். வண்டி ஒன்றுதான். செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "வுட்டுக் குடுக்க மாட்டேன் மச்சான், இப்பவே சொல்லிட்டேன். தறிச் சத்தம் கேட்டுக் கேட்டு காது போச்சி. எனக்கும் மெட்ராஸு போவணும்."

இதைச் சொன்னீர்கள் பாவா. என் காதால் கேட்டேன். பிறகு ஒரு நாளும் இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

போட்டி அன்று காலை கிணற்றடியில் நீங்களும் அக்காவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அக்கா கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினீர்கள். தம்பிக்கு வேலை இல்லையே என்று அழுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தண்டச்சோறு தின்கிறவனுக்கு எல்லாப் பேச்சும் தன்னைப் பற்றியதாகத்தான் தோன்றும்.

நான் முதலில் ஓட்டினேன். இரண்டு இடத்தில் கால் ஊனினேன். பிறகு நீங்கள். மணலில் ஒரு தடவை ஊனியதோடு சரி, மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி வந்தீர்கள். கடைசிப் பாறை மட்டும் பாக்கி, யானை முதுகு போல மேலே போய் இடது பக்கம் சரிகிற பாறை. அதில் பாதி ஏறியிருப்பீர்கள். கூட்டத்தின் முன்னால் நின்ற அக்கா இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். பாறையை ஒட்டி நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"காலு பெட்டு!"

நீங்கள் காலை வைத்தீர்கள். இடது கால். வண்டி தடுமாற, உடனே இன்னொரு தடவை. உங்களுக்கு மூன்று, எனக்கு இரண்டு. நான் ஜெயித்தேன். நீங்கள் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். அக்கா பக்கத்தில் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காலையில் கேட்ட கிணற்றடிப் பேச்சு எனக்கு நினைவு வந்தது. மனைவி கெஞ்ச, புருஷன் கால் வைக்க, மச்சான் ஜெயித்தான். கைதட்டிய கூட்டத்தில் ஒருவர் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வேலைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்கிற ரோஷமும் இல்லை, சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிற மனசும் இல்லை. மெட்ராஸில் புது வண்டிகளை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டி, கிளட்ச் வழுக்குகிறது, கியர் விழவில்லை என்று சொல்லிச் சம்பளம் வாங்கினேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். "எப்படி சார் இந்த வேலை கிடைச்சது?" என்று யார் கேட்டாலும் பேச்சை மாற்றுவேன். திருத்தணிக்கு வருவதைக் குறைத்தேன். வந்தாலும், நீங்கள் சாக்கை விலக்கி "ஒரு ரவுண்டு போலாமா?" என்றால் எனக்கு முதுகு வலிக்கும், தலை வலிக்கும், ரயிலுக்கு நேரமாகும். நீங்கள் மெட்ராஸுக்கு வந்தபோது கம்பெனிக் கேட்டில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன். உள்ளே வண்டிகளைக் காட்டு என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டீர்கள். "வெளி ஆளுங்களை வுட மாட்டாங்க பாவா" என்றேன். விடுவார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின ஆடிக் கிருத்திகைதான் கடைசி. பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். காவடிக் கூட்டம், மேளம், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். அந்த நெரிசலில் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று சொன்னீர்கள்: "ஒரே ஒரு தபா வாடா மச்சான். அந்தக் கடைசிப் பாறைல உன்னை ஜெயிக்கணும். வயசு ஆயிகினே போவுது."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. இவ்வளவு வருஷம் கழித்தும் நாடகம் ஆடுகிறாரே, பிச்சை போட்டவர் வந்து போட்டிக்குக் கூப்பிடுகிறாரே என்று தோன்றியது. "அதான் அன்னிக்கே அக்கா சொல்லிச்சின்னு காலு வெச்சி ஜெயிக்க வுட்டீங்களே பாவா. இன்னொரு தபா எதுக்கு?" என்றேன்.

"இன்னாடா சொல்றே?" என்றீர்கள். பையை உங்கள் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் பை இல்லாமலே, பை இருக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தீர்கள். நான் உங்களை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

இன்று காலை அக்கா மீதியைச் சொன்னாள். அன்று என்னை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நீங்கள் அவளைக் கேட்டிருக்கிறீர்கள்: "போட்டி அன்னிக்கு நீ இன்னா கத்தினே?"

"காலு பெட்டக்குன்னுதான் கத்தினேன். வேற இன்னா கத்துவாங்க?" என்றிருக்கிறாள்.

இரண்டு நாள் நீங்கள் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்களாம். "உன் தம்பிக்குப் பாதி சொல்லுதான் கேட்டுக்கீது. மீதியை இன்ஜின் முழுங்கிடுச்சி" என்றீர்களாம். கடிதம் போடட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "எழுதினா நம்ப மாட்டான். வண்டி மேல குந்தவெச்சி, கீழ நின்னு நீ கத்து. அவனுக்கே தெரியும்" என்றீர்களாம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வண்டியை உதைத்து ஓடவிட்டு, காற்றைச் சரி பார்த்து வைத்தீர்கள், நான் வருவேன் என்று. நான் வரவில்லை பாவா. நெஞ்சு வலி வந்துவிட்டது.

"கிணத்தடியில எதுக்குக்கா அழுதே?" என்று கேட்டேன்.

"அவரு ஜெயிச்சா மலைக்கு முடி எறக்கறேன்னு வேண்டிக்கினேன். இம்மாம் நீள முடிய எறக்கப் போறியான்னு அவரு திட்டினாரு. அதான்" என்றாள். பிறகு, "எனக்கும் மெட்ராஸு போவணும்னு இருந்துச்சிடா. தம்பி ஜெயிச்சதுக்கு அழுவவும் முடியல, சிரிக்கவும் முடியல" என்றாள். அவள் என்னிடம் இதைச் சொன்னதே இன்றுதான். நான் அவளுடைய தியாகத்தை நினைத்து நினைத்து அவளிடமும் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். அவள் செய்யாத தியாகம்.

சாயந்திரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாறைமேட்டுக்குப் போனேன். அக்கா கூடவே நடந்து வந்தாள். கருமாதி முடிந்த கையோடு வெளியே வருகிறாயே, ஊர் பார்க்கிறதே என்றேன். "பாக்கட்டும்" என்றாள். இரண்டாவது உதையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அக்கா போட்டி அன்று நின்ற இடத்திலேயே போய் நின்றாள். நான் கடைசிப் பாறையில் ஏறினேன். பாதியில் அவள் கையைக் குவித்துக் கத்துவதைப் பார்த்தேன். எனக்குக் கேட்டது இதுதான்: "காலு பெட்டு!"

அவ்வளவுதான் கேட்டது. அந்த இடத்தில் கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சத்தத்தில் சொல்லின் வால் காணாமல் போகிறது. அதே நொடியில் பாறை இடது பக்கம் சரிகிறது, பின் சக்கரம் வழுக்குகிறது. நானும் கால் வைத்தேன் பாவா. இடது கால். யார் சொல்லியும் வைக்கவில்லை. சக்கரம் அப்படி வழுக்கினால் வைக்காமல் முடியாது.

இன்ஜினை நிறுத்தினேன். "இன்னாடா கேட்டுது?" என்று கீழிருந்து அக்கா கேட்டாள். ஹாண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

நீங்கள் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. முழு மனதோடு ஓட்டினீர்கள், முழு மனதோடு தோற்றீர்கள், அதே மனதோடு ஓடி வந்து என்னைத் தூக்கினீர்கள். நான்தான் அதைப் பிச்சை என்று எண்ணி இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். என் ஜெயிப்பையும் நான் அனுபவிக்கவில்லை. உங்கள் தோல்வியையும் உங்களிடம் இல்லாமல் செய்தேன். உங்களைப் பொய்யாகத் தோற்றவர் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். இந்த வெட்கத்தை இறக்கி வைக்க இடமில்லை.

வண்டியை விற்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை வருவேன். இன்று திரும்பி வந்ததும் பின் டயரில் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது. பம்பை எடுத்து அடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அப்புறம் கையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, "போதுமா பாவா?" என்று கேட்டேன்.